அல்உலா போய் வந்தவர்கள் உண்டா? அப்பா அம்மாவோடு போக யோசனை வேண்டும்

கோவில்பட்டியான் (ஜுபைல்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் விசிட் விசாவில் வந்திருக்கிறார்கள், பிப்ரவரி முடியும்வரை இங்கேதான். கார்னிஷ், பஹ்ரைன் பாலத்தின் நடுத்தீவு, ரியாத்தில் மஸ்மக் கோட்டை எல்லாம் காட்டியாயிற்று. மாலுக்குக் கூட்டிப்போனால் அப்பா வாசல் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறார். "இந்த நாட்டுல பழசா பாக்கிறதுக்கு வேற ஒண்ணும் இல்லையாடா?" என்று கேட்டார். அப்போதுதான் சவுதியின் வடமேற்கில் இருக்கும் அல்உலா ஞாபகம் வந்தது. பாலைவனத்துக்கு நடுவே பாறையைக் குடைந்த கல்லறைகள், ஜோர்டானில் இருக்கும் பெட்ராவைக் கட்டியவர்களின் இன்னொரு ஊர் என்று படித்திருக்கிறேன்.

என் தயக்கங்களைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நிறுத்தி நிதானமாகப் பார்ப்பார், படிப்பார். கைடு என்றாலே அவருக்கு ஒவ்வாது. மைசூரில் ஒரு கைடு ராஜா ராணிக் கதையாகவே சொல்லி நேரத்தைக் கடத்தியதை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லறைகள் இருக்கும் ஹெக்ராவுக்குள் டூர் இல்லாமல் விடமாட்டார்கள் என்கிறார்களே, உண்மையா? பஸ்ஸில் ஏற்றி இறக்கி ஓட்டிக்கொண்டே இருப்பார்களா?

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் சிரமம். மேலிருந்து ஊரைப் பார்க்கும் இடம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள், அங்கே கார் போகுமா?

அப்புறம் பயணம். ஜுபைலில் இருந்து காரிலேயே போவதா, விமானமா? நாங்கள் முஸ்லிம் இல்லை, மதீனா வழி போவதில் சிக்கல் உண்டா? சாப்பாடு எப்படி? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

யான்பு அண்ணாச்சி

தம்பி, உங்கள் அப்பாவுக்கென்றே செய்து வைத்த ஊர் அது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் பயணம்.

ஜுபைலில் இருந்து காரில் வேண்டவே வேண்டாம். ரியாத்தில் இருந்தே ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர், அதற்கு முன்னால் நீங்கள் ரியாத் வருகிற தூரம் வேறு. முழங்கால் வலிக்காரரை அவ்வளவு நேரம் மடக்கி உட்கார வைக்கக் கூடாது. ரியாத்தில் இருந்து அல்உலாவுக்கே விமானம் உண்டு. அது தோதுப்படாவிட்டால் தம்மாமில் இருந்து மதீனாவுக்குப் பறந்து, அங்கே வாடகைக் கார் எடுங்கள். 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், நிதானமாக ஓட்டினால் மூன்றரை மணி நேரம். மதீனா விமான நிலையம் ஹரம் என்ற புனித எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது, நீங்கள் தாராளமாக இறங்கலாம். ஊரின் மையப் பகுதிக்குத் திரும்பாமல் வடக்கே போகும் சாலையைப் பிடித்துவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. பெற்றோரின் பாஸ்போர்ட், உங்கள் இக்காமா (குடியிருப்பு அட்டை) இரண்டும் கையில் இருக்கட்டும். பெட்ரோல் பங்க்கைக் கண்ட இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்தது எங்கே என்று நம்பி ஓட்டாதீர்கள். இருட்டுவதற்கு முன் ஊர் சேர்ந்துவிடுங்கள். ஒட்டகம் ரோட்டில் வந்து நின்றால் கடைசி நொடி வரை கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ஹெக்ரா. மதாயின் சாலிஹ் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். அல்உலா ஊரில் இருந்து வடக்கே 20 கிலோமீட்டர் சுமாருக்கு. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, சவுதியில் இருந்து முதலில் ஏறிய இடமே இதுதான். ஆமாம், தனியாக உள்ளே விடமாட்டார்கள். முன்பதிவு செய்து, குறித்த நேரத்துக்குப் போய், அவர்கள் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். எங்கே ஏறுவது என்பது டிக்கெட்டில் இருக்கும். அதை அன்று காலை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள், ஏறும் இடத்தை மாற்றுவதுண்டு. நாங்கள் போனபோது ஆளுக்கு 95 ரியால். மேல்மூடி இல்லாத பழைய லேண்ட் ரோவரில் சின்னக் குழுவாகக் கூட்டிப் போகும் டூரும் உண்டு, விலை அதிகம். கைடோடு நிறையப் பேச நினைப்பவர்களுக்கு அது நல்லது. ஆனால் ஏறி இறங்குவது உயரம், குலுங்கும். அம்மாவுக்கு பஸ்தான்.

மொத்தம் இரண்டு மணி நேரம் போல ஆகும். நாலு இடங்களில் நிறுத்துவார்கள். ஓட்டிக்கொண்டே இருப்பார்களா என்று கேட்டீர்கள். கொஞ்சம் அப்படித்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாதிப் பேர் போட்டோ எடுத்துவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கைடு சும்மாதான் நிற்பார். உங்கள் அப்பா அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம் அதுதான். அங்கே கைடுகளை ராவி என்கிறார்கள், கதைசொல்லி என்று பொருள். பெரும்பாலும் அந்த ஊர்ப் பையன்கள், பெண்கள். பாட்டன் காலத்தில் இருந்து பேரீச்சந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். மனப்பாடம் செய்ததை ஆங்கிலத்தில் ஒப்பித்து முடித்த பிறகு கேள்வி கேட்டால்தான் அவர்களுக்கும் முகம் மலர்கிறது.

என்ன கேட்பது? வாசலுக்கு மேலே பாருங்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கல்லறை முகப்பில் கதவு நிலைக்கு மேல் சட்டம் போட்ட மாதிரி ஒரு செவ்வகம் இருக்கும், அதற்குள் நபத்தேய எழுத்தில் நாலைந்து வரி. பெட்ராவைக் கட்டியவர்கள்தான் நபத்தேயர். அது பிரார்த்தனையோ புகழ்மாலையோ இல்லை. அசல் சொத்துப் பத்திரம்!

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு கல்வெட்டு இப்படிப் போகிறது: இந்தக் கல்லறையை வாஇலத்தின் மகள் கம்கம் என்பவளும் அவள் மகள் குலைபத்தும் தங்களுக்கும் தங்கள் வாரிசுகளுக்கும் செய்துகொண்டது. தேபெத் மாதம், நபத்தேயரின் அரசன் ஹாரிதத்தின் ஒன்பதாம் ஆட்சியாண்டு. இதை விற்கிறவன், வாங்குகிறவன், அடமானம் வைக்கிறவன், தானம் கொடுக்கிறவன், வாடகைக்கு விடுகிறவன் யாராக இருந்தாலும் துஷரா முதலான தெய்வங்கள் சபிக்கட்டும். மீறினால் ஆயிரம் வெள்ளிக்காசு அபராதம். கடைசியில் செதுக்கியவன் பெயர்: அப்தோபதத்தின் மகன் வஹ்பல்லாஹி. சொத்து யார் பெயரில், வாரிசு யார், தேதி, வில்லங்கத் தடை, தண்டனை, எழுதியவர் கையெழுத்து, எல்லாம் வந்துவிட்டதா? இன்னொரு கல்லறையில் 'இதன் நகல் கைஷா கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது' என்று இருக்கிறது. பதிவு அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

பெண்கள் தங்கள் பெயரிலேயே சொத்து வைத்திருந்ததையும் கவனியுங்கள். கம்கம் மட்டும் இல்லை, வஹ்புவின் மகள் ஹினாத் என்று ஒருத்தியும் தன் கல்லறையைத் தானே கட்டிக்கொண்டவள். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் மண்டை ஓட்டை வைத்து முகத்தை மீட்டு உருவாக்கி, அவளுக்கு ஹினாத் என்று பெயரிட்டு 2023இல் ஹெக்ரா வரவேற்பு மையத்தில் வைத்தார்கள். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க மாட்டார்.

தேதி போட்ட கல்வெட்டுகள் கி.மு. 1இல் இருந்து கி.பி. 75க்குள் அடங்கிவிடுகின்றன. 111 பெருங்கல்லறைகள், அதில் 94க்கு அலங்கார முகப்பு. 106இல் ரோமாபுரி நபத்தேய நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பிறகு இந்த வழக்கம் படுத்துவிட்டது. இந்த ஊரின் காசு எல்லாம் தெற்கே இருந்து வந்த சாம்பிராணியிலும் வெள்ளைப்போளத்திலும் வந்தது. ஒட்டக வரிசைக்குத் தண்ணீர் வேண்டும், அதற்காக வெட்டிய கிணறுகள் 130 போல இருக்கின்றன. பலரும் கல்லறையை மட்டும் பார்த்துவிட்டுக் கிணற்றை விட்டுவிடுகிறார்கள். கிணறு இல்லாவிட்டால் அங்கே சாகக்கூட ஆள் வந்திருக்காது.

கஸ்ர் அல் ஃபரீத், படங்களில் எல்லாம் வரும் அந்த ஒற்றைப் பாறை. உயரம் 22 மீட்டர் போல. குஸாவின் மகன் லிஹ்யானின் கல்லறை. முழுதாக முடிக்காமல் விட்டது. மேல்பகுதி வழவழப்பு, கீழே வரவர உளித்தடம் அப்படியே நிற்கும். மேலிருந்து கீழாகத்தான் செதுக்கினார்கள் என்பது அதைப் பார்த்தாலே புரிந்துவிடும். கோவில்பட்டிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கழுகுமலை வெட்டுவான் கோயில் பக்கத்திலேயே இருக்கிறதே! அதுவும் மேலிருந்து குடைந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுபோனதுதான், என்ன, காலம் எட்டாம் நூற்றாண்டு. அப்பாவை அந்த ராவிப் பையனிடம் வெட்டுவான் கோயில் படத்தை போனில் காட்டச் சொல்லுங்கள். கைடுக்கே கைடு.

ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துப்போங்கள். எழுத்துகள் உயரத்தில் இருக்கின்றன, போன் கேமராவை இழுத்தால் மங்கலாகத்தான் வரும். அதே பைனாகுலர் ததானுக்கும் உதவும்.

ததானை விட்டுவிடாதீர்கள். நபத்தேயருக்கு முந்திய ததான், லிஹ்யான் அரசுகளின் தலைநகரம். அங்கேயும் டூர்தான். செம்பாறைச் சுவரில் ஏறக்குறைய 50 மீட்டர் உயரத்தில் சிங்கக் கல்லறைகள் தெரியும், வாசலுக்கு இரண்டு பக்கமும் சிங்கம் செதுக்கியது. கீழே நின்று பார்ப்பதுதான், ஏறும் வேலை கிடையாது. ஜபல் இக்மா அதைவிட எனக்குப் பிடிக்கும். குறுகலான ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு பக்கப் பாறையிலும் கைக்கெட்டும் உயரத்தில் இருந்து மேலே வரை எழுத்து எழுத்தாக இருக்கும். தங்கள் பேரீச்சைக்கும் பயிருக்குமாக துகாபத் என்ற தெய்வத்துக்குச் செய்த சடங்கை எழுதி வைத்திருக்கிறார்கள். 2023இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தது. அங்கே கூட்டமும் குறைவு.

கண்ணாடி மாளிகை மராயா, ஜிப்லைன், பெரிய ஊஞ்சல், இதற்கெல்லாம் உங்கள் குடும்பம் காசு செலவழிக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் பாறை தெரிவதைப் பார்க்கிற நேரத்துக்குப் பாறையையே பார்த்துவிடலாம் என்பது என் கட்சி. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம்.

மேலிருந்து ஊரைப் பார்க்கும் இடம் என்று நீங்கள் கேட்ட ஹர்ரா மேட்டைப் பற்றி யாராவது எழுதட்டும், கை வலிக்கிறது.

---

தபூக் சிஸ்டர்

அண்ணாச்சி விட்ட இடத்தில் இருந்து நான் தொடர்கிறேன். தபூக்கில் இருந்து எங்களுக்கு மூன்று மணி நேரம்தான் என்பதால் ஊரில் இருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. மாமியாருக்கும் முட்டி வலி உண்டு. அதனால் உங்கள் அம்மாவுக்காகவே எழுதுகிறேன்.

ஹர்ராவின் உச்சிவரை தார்ச்சாலை. கார் மேலேயே போய் நிற்கும், இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் விளிம்பு. வளைந்து வளைந்து ஏறும் சாலை, வண்டி ஓட்டுகிறவர் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வளைவில் குமட்டல் வருகிறவராக இருந்தால் அம்மாவை முன் சீட்டில் உட்கார வையுங்கள். மேலே கரிய எரிமலைக்கல், கீழே சிவப்பு மணற்பாறை, நடுவில் பேரீச்சந்தோப்பு நீளமாகப் பச்சைக் கோடு போட்டுப் போகும், அதன் ஓரத்தில் மண் வீடுகளின் பழைய ஊர். ஒரே பார்வையில் எல்லாம் கிடைக்கும். ஊருக்குள் சுற்றுவதற்கு முன்பே முதல் நாள் மாலை அங்கே போய்விடுவது நல்லது. எது எங்கே இருக்கிறது என்று பெரியவர்களுக்குப் பிடிபட்டுவிடும், மறுநாள் "அதோ நேத்து மேலேர்ந்து பாத்தோமே" என்று அவர்களே சொல்வார்கள்.

சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். வெள்ளி, சனி என்றால் இன்னும் முன்னால், கார் நிறுத்த இடம் கிடைக்காது. காற்று அறையும். ஜனவரி, பிப்ரவரியில் மதியம் வெயில் சுகமாக இருக்கும், சூரியன் இறங்கியதும் சட்டென்று நடுங்க வைக்கும். இரவில் பத்து டிகிரிக்குக் கீழே சர்வசாதாரணம். ஜுபைலில் வாங்கிய மெல்லிய ஸ்வெட்டர் போதாது. காதை மூட மஃப்ளர் கட்டாயம். சேலை கட்டுவார் என்றால் உள்ளே தெர்மல் பேண்ட்டும் காலுக்கு சாக்ஸும் போடச் சொல்லுங்கள். முட்டிக்குக் குளிர் ஆகாது.

ஹெக்ராவில் நடப்பது பெரும்பாலும் சமதரை, ஆனால் மணல் உண்டு. செருப்பு வேண்டாம், பின்பக்கம் மூடிய ஷூ. கைத்தடி உபயோகிக்கக் கூச்சப்படுவார், எங்கள் மாமியாரும் அப்படித்தான், நீங்களே ஒன்றை வாங்கிக் காரில் போட்டுவிடுங்கள். அங்கேயே ஜபல் இத்லிப் என்ற குன்றில் திவான் என்று பாறையைக் குடைந்த ஒரு கூடம் இருக்கிறது, மூன்று பக்கமும் கல்திண்ணை. வெளியே நின்றே முழுதும் பார்க்கலாம். அதன் பக்கத்தில் இரண்டு பாறைக்கு நடுவே போகும் சந்து நிழலாக, குளிர்ச்சியாக இருக்கும், அதிலும் தண்ணீர் கொண்டுபோன வாய்க்கால் தடம் உண்டு. மற்ற இடங்களில் முடியாவிட்டால் அம்மா பஸ்ஸிலேயே இருக்கட்டும், இங்கே மட்டும் எப்படியாவது இறக்கிவிடுங்கள்.

பஸ் ஏறும் முன்பே கழிப்பறைக்குப் போய்விட வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரை பெட்டியில் இல்லாமல் கைப்பையில் இருக்க வேண்டும். காற்று ரொம்ப உலர்ந்தது, தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்கச் சொல்லிக்கொண்டே இருங்கள். உதட்டுக்கும் மூக்குக்குள்ளும் கொஞ்சம் வாசலின். டூர் நாளில் நேரத்தை இறுக்கி வைக்காதீர்கள். காலையில் ஹெக்ரா, பிறகு அறையில் தூக்கம், மாலையில் ஓரிடம். அதற்கு மேல் போட்டால் மறுநாள் அம்மா எழுந்திருக்க மாட்டார்.

யானைப்பாறைக்குக் கட்டாயம் போங்கள். 52 மீட்டர் உயரம், தும்பிக்கை தரையில் ஊன்றியது போலவே காற்றும் மழையும் அரித்து வைத்திருக்கின்றன. கைடு எல்லாம் கிடையாது. மணலில் பள்ளம் பறித்து உட்கார இடம் செய்திருக்கிறார்கள், காபி வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் முட்டிக்காரர்கள் எழுந்திருப்பது கஷ்டம், உயரமான நாற்காலியாகப் பார்த்து உட்கார வையுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பழைய ஊர்ப் பக்கம் இருக்கும் கஃபேக்களில் விலை கண்ணைக் கட்டும். ஊருக்குள் கடைத்தெருவில் மலையாளி ஓட்டல், வங்காளி ஓட்டல் உண்டு, பரோட்டாவும் பருப்பும் கிடைக்கும். சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போனால் அப்பாவுக்கு ரசம் சாதம் ஆயிற்று.

---

காயல்காரன் (ஜித்தா)

சகோ, அண்ணாச்சியும் சிஸ்டரும் எல்லாம் சொல்லிவிட்டார்கள். இதைப் படிக்கும் நம் முஸ்லிம் நண்பர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன், உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

வாப்பா உம்ராவுக்கு வந்திருந்தபோது அல்உலா போகலாம் என்றேன். மதாயின் சாலிஹ் என்று சொன்னதுமே "அங்கே நான் வரலை" என்று முடித்துவிட்டார்கள். ஸாலிஹ் நபியின் கூட்டத்தார், ஸமூது மக்கள், வேதனை இறங்கி அழிந்த இடம் அது என்பது நம்பிக்கை. தபூக்குக்குப் போகும் வழியில் நபிகள் நாயகம் அந்தப் பக்கம் கடந்தபோது, அழுதபடியே தவிர அங்கே நுழைய வேண்டாம் என்றும், அந்தக் கிணறுகளின் தண்ணீரை எடுக்க வேண்டாம், ஸாலிஹ் நபியின் ஒட்டகம் குடித்த கிணற்றில் மட்டும் எடுங்கள் என்றும் தோழர்களிடம் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. அதனால் நம் பெரியவர்கள் பலருக்கு அங்கே வேடிக்கை பார்க்கப் போக மனம் வராது. இப்போது நிற்கும் முகப்புகளை நபத்தேயர் செதுக்கினார்கள், அதில் தேதியே இருக்கிறது, ஸமூது அதற்கு ரொம்ப முந்தியவர்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். "இடம் அதுதானே" என்றார்கள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

ஆனால் ஹெக்ராவை விட்டுவிட்டாலும் அல்உலா மிச்சம் இருக்கிறது. ஜபல் இக்மா, ஹர்ரா மேடு, பழைய ஊர் மூன்றும் போனோம். பழைய ஊரை வாப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கல்லும் களிமண்ணும் பேரீச்சை மரமும் வைத்துக் கட்டிய வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி, வெளிச்சுவர்களே ஊருக்குக் கோட்டைச் சுவர். 1980கள் வரை அங்கே ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். எங்களோடு வந்த ராவி ஒரு வாசலைக் காட்டி, தன் பாட்டியார் வீடு அந்தத் தெருவில்தான் என்றார். மேலே ஓடும் மூடுசந்துகளைப் பார்த்து வாப்பா, காயல்பட்டினத்து முடுக்குகளில் பெண்கள் நடமாடத் தனி வழி இருப்பதைச் சொல்ல, அந்தப் பையன் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டார்.

தந்தூரா என்று ஒரு சூரியக் கடிகாரம் அங்கே இருக்கிறது. குளிர்காலத்தின் முதல் நாளன்று அதன் நிழல் தரையில் ஒரு கல்லின் நுனியைத் தொடும், விதைப்புப் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குளிர்கால விழாவுக்கே அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கேட்காவிட்டால் காட்டாமலே கூட்டிப்போய்விடுவார்கள், கேளுங்கள். ஊர் நடுவில் இருக்கும் கோட்டைக்கு ஏறும் படிகள் செங்குத்து. அம்மா கீழேயே இருக்கட்டும், அங்கே கடைகள் இருக்கின்றன. அல்உலாவின் பர்னி பேரீச்சம்பழம் வாங்காமல் வராதீர்கள். டூர் வாசல் கடையில் வேண்டாம், ஊருக்குள் வாங்குங்கள்.

---

கோவில்பட்டியான்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாச்சி எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 'நகல் கோயிலில்' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி படிக்கச் சொன்னார். "அப்ப மூலப்பத்திரம் பாறையில, சர்ட்டிஃபைடு காப்பி கோயில்ல" என்று அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருக்கிறார். கைடு வேண்டாம் என்ற பேச்சே இப்போது இல்லை, கேள்விகளை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அதில் முதல் கேள்வி உங்களுக்கே. சாம்பிராணி போன வழி என்கிறீர்களே, நம் ஊர் மிளகும் அந்த வழியாகப் போயிருக்குமா, நம் ஆட்கள் யாராவது அங்கே வந்திருப்பார்களா என்று கேட்கிறார். இன்னொன்று, ஹெக்ராவுக்குக் காலை டூரா, மாலை டூரா? பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருவது?

---

யான்பு அண்ணாச்சி

அப்பாவுக்கு என் வணக்கம். நம் எழுத்து கிடைத்திருப்பது செங்கடலின் எதிர்க்கரையில், எகிப்தில். குசெய்ர் அல் காதிமில் பானை ஓட்டில் கண்ணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர்கள் இருந்தன. முழுசாக 'பானை ஒறி' (பானை தொங்கவிடும் உறி) என்று எழுதிய ஓட்டைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். அதற்குத் தெற்கே பெரெனிகேயில், கோயில் வளாகத்தில் புதைத்து வைத்த இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. முதலாம் நூற்றாண்டுச் சரக்கு, கம்கம்மின் பேரன் பேத்தி காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையில் லியூகே கோமே என்று நபத்தேயரின் துறைமுகம் இருந்தது. அங்கே இறங்கும் சரக்குக்கு நாலில் ஒரு பங்கு சுங்கம் வசூலிக்க அதிகாரியும், காவலுக்குப் படையோடு ஒரு நூற்றுவர் தலைவனும் இருந்ததாக அந்தக் காலக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அங்கிருந்து சாலை பெட்ராவுக்குப் போனது. பெரிய கப்பல்கள் எகிப்துக் கரைக்குத்தான் போயின, இங்கே வந்தவை சின்னக் கப்பல்கள். ஆக மிளகு பெரும்பாலும் அக்கரை, சாம்பிராணி இக்கரை. இருபத்தைந்து சதவீதம் என்று கேட்டால் அப்பா முத்திரைத்தாள் கட்டணத்தை ஒப்பிடத் தொடங்குவார், தயாராக இருங்கள்.

காலை டூரே போடுங்கள். பெரியவர்களுக்கு அப்போதுதான் உடம்பில் தெம்பு இருக்கும், மாலையை ஹர்ராவுக்கும் யானைப்பாறைக்கும் வைத்துக்கொள்ளலாம். பக்கம் எது என்பது முக்கியமில்லை, கதவுக்கு அருகில் உள்ள சீட்டாகப் பிடியுங்கள், அம்மா முதலில் இறங்கிக் கடைசியில் ஏறலாம். வெள்ளி, சனி வேண்டாம். வார நாட்களிலும் காலை நேரம்தான் முதலில் தீர்ந்துபோகிறது, எக்ஸ்பீரியன்ஸ் அல்உலா தளத்தில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.